பாதிரியார் பெயரில் ஒரு பண்ணை

1. சங்கிலியோடு ஒரு கடல் பயணம்

1645-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் மேரிலாந்துக் கரையிலிருந்து இங்கிலாந்துக்கு இரண்டு பாதிரியார்களைச் சங்கிலி பூட்டிக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஒருவர் ஆண்ட்ரூ ஒயிட், அறுபத்தைந்து வயதைக் கடந்த முதியவர். மற்றவர் தாமஸ் காப்லி. இருவரும் இயேசு சபைத் துறவிகள். அவர்களைப் பிடித்தவன் ரிச்சர்ட் இங்கிள் என்ற கப்பல் தலைவன். இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. தான் நாடாளுமன்றத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டு, மேரிலாந்தில் இருந்த கத்தோலிக்கர் வீடுகளைச் சூறையாடினான் இங்கிள். அந்த நாட்களை அந்த ஊர் வரலாறு இன்றும் ‘கொள்ளைக் காலம்’ என்றே எழுதுகிறது.

வீடு போனது, மாடு போனது என்பதோடு விவகாரம் முடிந்திருந்தால் பரவாயில்லை. பாதிரியார்கள் கப்பலேறிய திசைதான் ஆபத்து. கத்தோலிக்கக் குரு எவரும் இங்கிலாந்துக்குள் நுழைந்தால் அது ராஜத்துரோகம், தண்டனை மரணம் என்று எலிசபெத் மகாராணி காலத்திலேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தின்படி ஒயிட்டை விசாரணைக்கு நிறுத்தினார்கள்.

கிழவர் ஒரே ஒரு வாதத்தை முன்வைத்தார். இங்கிலாந்துக்கு நான் வரவில்லை. என் விருப்பத்துக்கு விரோதமாக, விலங்கு பூட்டி இழுத்து வரப்பட்டேன். வராதவனை எப்படி வந்தவன் என்று தண்டிப்பீர்கள்?

சட்டத்துக்கு இதற்குப் பதில் இல்லை. உயிர் தப்பியது. ஆனால் மேரிலாந்துக்குத் திரும்பிப் போகும் பேறு மட்டும் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 1656 டிசம்பரில் இங்கிலாந்திலேயே காலமானார். அதே ஆண்டு ஜனவரியில்தான் நம் மயிலாப்பூரில் ராபர்ட் தெ நொபிலி கண் மூடினார். ஒரே சபை, ஒரே காலம். தத்துவ போதகரான நொபிலி மதுரையில் தமிழில் மூழ்கியிருந்த ஆண்டுகளில், ஒயிட் பொட்டோமாக் ஆற்றங்கரையில் பிஸ்கடவே பூர்வகுடி மக்களின் மொழியைக் கற்று, அந்த மொழியில் ஜெபங்களை எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பத் துடித்த இடம்தான் இந்தத் தொடரின் களம். இன்றைய வாஷிங்டனுக்குத் தெற்கே, போர்ட் டொபாக்கோ என்ற சிற்றாறு பெரிய பொட்டோமாக்கில் கலக்கும் இடத்தில் உயரமான ஒரு மேடு. மேட்டின் மேல் செங்கல்லால் கட்டிய மாளிகை; அதன் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கோவில். செயின்ட் தாமஸ் மேனர் என்பது மாளிகையின் பெயர், செயின்ட் இக்னேஷியஸ் என்பது கோவிலின் பெயர். பண்ணையாரின் அரண்மனையும் பங்குச் சாமியாரின் குருமனையும் ஒரே கட்டடம். இரண்டும் எப்படி ஒன்றாயின என்பதற்கு, 1634-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் ஆர்க், டவ் என்ற இரண்டு கப்பல்கள் பொட்டோமாக் ஆற்றுக்குள் நுழைந்தன. பால்டிமோர் பிரபு என்ற கத்தோலிக்கப் பெருந்தனக்காரருக்கு இங்கிலாந்து மன்னர் எழுதிக்கொடுத்த புதிய குடியேற்றம் அது. மார்ச் 25 அன்று ஒரு சிறு தீவில் இறங்கி ஒயிட் பூசை வைத்தார். கூட வந்த வேலையாட்களில் மத்தியாஸ் தெ சூசா என்ற ஆப்பிரிக்க, போர்த்துக்கீசிய வம்சாவளி மனிதரும் இருந்தார். பாதிரியார்களிடம் சில ஆண்டுகள் வேலை செய்து தீர்ப்பதாக ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்து சுதந்திர மனிதரானார். 1642-இல் மேரிலாந்துச் சட்டமன்றக் கூட்டத்தில் உறுப்பினராக உட்கார்ந்தார். இந்தப் பெயரை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த மண்ணில் கருநிற மனிதருக்கு ஒரு காலத்தில் அப்படியும் ஒரு கதவு திறந்திருந்தது.

நிலம் எப்படிக் கிடைக்கும்? கடல் தாண்டி எத்தனை ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறீர்களோ, அதற்கேற்ப ஏக்கர். இதுதான் பால்டிமோர் பிரபுவின் கணக்கு. பாதிரியார்கள் ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆகவே நிலம் கேட்டார்கள். பூர்வகுடித் தலைவர் ஒருவர் தாமாகவே அவர்களுக்கு ஒரு நிலத்தைக் கொடுக்கவும் செய்தார். இங்கேதான் பிரபுவுக்குக் கோபம் வந்தது. தனி மனிதன் சாவான், நிலம் கைமாறும். சபை சாகாது, அதன் கைக்குப் போன நிலம் போனதுதான். எந்தச் சபையும், ஆன்மிகமானாலும் உலகியலானாலும், என் மண்ணில் நிலம் வைத்திருக்கக் கூடாது என்றார் பிரபு. அவரும் கத்தோலிக்கர்தான். நிலம் என்று வந்தபோது பிரபுவாக மட்டுமே பேசினார்.

ஒயிட் இதற்குள் ஆற்றோரம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். 1640-இல் பிஸ்கடவே மக்களின் தலைவர் ஞானஸ்நானம் பெற்றார். 1642-இல் போர்ட் டொபாக்கோவின் இளம் அரசியும், கூடவே ஊர் மக்கள் சுமார் 130 பேரும். மூன்றே ஆண்டுகளில் இங்கிள் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டான்.

காப்லி மட்டும் திரும்பி வந்தார். ஒயிட்டைப் போல மொழி கற்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் சட்டமும் கணக்கும் அறிந்தவர். கொள்ளையடித்த இங்கிளின் மேலேயே லண்டனில் வழக்குத் தொடுத்தவர். 1649-இல் அந்த மேட்டைச் சுற்றிச் சுமார் 4000 ஏக்கர் நிலம் அவருடைய உரிமையின் பேரில் ஒதுக்கப்பட்டது. பத்திரத்தில் சபையின் பெயர் இல்லை. தாமஸ் மேத்யூஸ் என்ற நம்பிக்கையான கத்தோலிக்கரின் கைக்கு அது போனது. 1662-இல் அவர் ஹென்றி வாரன் என்பவருக்கு எழுதிக்கொடுத்தார். வாரன் இயேசு சபைக் குரு. ஆனால் பத்திரம் அவரைக் கனவான் ஒருவராகத்தான் அறியும்.

அன்று தொடங்கி அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் வேரூன்றியது. ஒரு பாதிரியார் சாகுமுன் இன்னொரு பாதிரியார் பெயருக்கு உயில் எழுதுவார். தந்தை மகனுக்கு எழுதுவது போல, பிள்ளையில்லாத துறவிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டே போனார்கள்.

கத்தோலிக்கரின் ஆட்சி நடந்தவரை இது செல்லுபடியாயிற்று. 1689-இல் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1704 செப்டம்பரில், இதே மேட்டிலிருந்து வில்லியம் ஹன்டர் என்ற பாதிரியாரை ஆளுநர் முன்னால் நிற்கச் சொல்லி உத்தரவு வந்தது.

2. வீட்டுக்குள் மறைந்த கோவில்

ஆளுநர் ஜான் சீமோர் ராணுவக்காரர். கத்தோலிக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சிவப்பவர். அவர் எதிரில் ஹன்டரோடு ராபர்ட் புரூக் என்ற இன்னொரு பாதிரியாரும் நின்றார். புரூக் மேல் குற்றச்சாட்டு, செயின்ட் மேரிஸ் நகரத்துக் கோவிலில் நீதிமன்றம் கூடியிருந்த நேரத்தில் பூசை வைத்தது. ஹன்டர் மேல் குற்றச்சாட்டு, புதிதாக ஒரு கோவிலை அபிஷேகம் செய்தது.

ஹன்டர் சொன்ன பதிலை ஆளுநரின் அவைக்குறிப்பு காப்பாற்றி வைத்திருக்கிறது. கோவிலை அபிஷேகம் செய்வது ஆயருக்கு உரிய அதிகாரம், எனக்கு அது இல்லை, நான் செய்யவில்லை. அங்கே சாதாரணப் பூசை உடையில்தான் இருந்தேன், என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்றார். ஒயிட் லண்டனில் வாதாடியது நினைவுக்கு வருகிறதா? வழக்கு எதுவானாலும் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் பயிற்சி இந்தச் சபைக்காரர்களுக்கு உண்டு.

இம்முறை கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். ஆனால் செயின்ட் மேரிஸ் கோவிலுக்குப் பூட்டு விழுந்தது. செங்கல் செங்கல்லாகக் கட்டிய கோவில். பின்னாளில் அந்தச் செங்கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்கு எடுத்துப் போனார்கள். அதே ஆண்டு சட்டமும் வந்தது. பூசை வைக்கிற குருவுக்கு 50 பவுன் அபராதம், ஆறு மாதச் சிறை. மறுபடி செய்தால் இங்கிலாந்துக்கு நாடு கடத்தல்.

முழுமையாக அமல்படுத்தினால் ஊரில் பல பெரிய குடும்பங்கள் பகையாகும். ஆகவே சில மாதங்களிலேயே ஒரு சலுகை கொடுத்தார்கள். பொது இடத்தில் பூசை கூடாது. தனியார் வீட்டுக்குள் குடும்பத்தாருக்கு வைத்தால் கண்டுகொள்ள மாட்டோம்.

தனியார் வீடு! பல பத்தாண்டுகளாகப் பாதிரியார்கள் பத்திரத்தில் எதுவாக இருந்தார்களோ, அதுவாகவே இப்போது சட்டமும் அவர்களை இருக்கச் சொல்லிவிட்டது. கோவிலுக்குத் தடை, கனவான் ஒருவரின் மாளிகைக்குத் தடை இல்லை. மாளிகைக்குள் ஓர் அறையில் பீடம் இருந்தால் அது அவருடைய சொந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் படகிலும் குதிரையிலும் வந்து சேர்ந்தால் அவர்கள் விருந்தாளிகள்.

செயின்ட் தாமஸ் மேனரில் இன்று நிற்கும் மாளிகை 1741-இல் எழுந்தது. இரண்டு அடுக்கு, அகலமான செங்கல் முகப்பு, ஒரு வரிசைக்கு ஐந்து திறப்புகள். ஆற்றில் வரும் கப்பலிலிருந்து பார்த்தால் பணக்காரப் புகையிலைப் பண்ணையாரின் வீடு என்றுதான் எவரும் நினைப்பார்கள். பக்கத்திலேயே ஒட்டினாற்போல் சிற்றாலயம். எதிரிக்கு அது வீட்டின் ஒரு சிறகு. விசுவாசிக்கு அதுதான் வீட்டின் இதயம். அந்தக் காலத்து ஆங்கிலிக்கக் குருமார்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. 1692-இல் இருந்தே வரி கட்டும் ஒவ்வொரு தலைக்கும் ஆண்டுக்கு 40 ராத்தல் புகையிலை என்று சட்டப்படி வசூலித்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த 40 ராத்தலைக் கத்தோலிக்கரும் கட்ட வேண்டும். தங்கள் சாமியார்களுக்கு அவர்கள் கொடுக்க ஏதும் மிச்சமில்லை. சாமியார்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பண்ணையில் புகையிலை விளைய வேண்டும்.

புகையிலையை யார் விளைவிப்பது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் வரலாற்று நூல்கள் நிறைய உண்டு. மறைந்து வாழ்ந்த குருக்களின் வீரத்தை உருக்கமாகச் சொல்வார்கள். நாற்று நட்டவர்களைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தொடக்கத்தில் மத்தியாஸ் தெ சூசாவைப் போன்ற ஒப்பந்த ஆட்கள் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்த ஆட்கள் வருவது குறைந்தது. மேரிலாந்து முழுவதும் ஆப்பிரிக்க அடிமைகளுக்கு மாறியது. 1664-இலேயே சட்டம், கறுப்பின அடிமைகள் ஆயுளுக்கும் அடிமைகள் என்று எழுதிவிட்டது. பாதிரியார்களின் பண்ணைகளும் அந்த வழியே போயின. சூசாவுக்குத் திறந்திருந்த கதவு அதே சபையின் நிலத்தில் அடைபட்டது.

இப்போது அந்த உயில் வழக்கத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். ஒரு பாதிரியார் இன்னொரு பாதிரியாருக்கு எழுதிவைக்கும் சொத்தில் நிலத்தோடு மனிதர்களும் சேர்ந்தார்கள். தனிமனிதச் சொத்து என்ற வேலிக்குள் விசுவாசத்தை ஒளித்துக் காப்பாற்றியவர்கள், அதே வேலிக்குள் மனிதர்களையும் சொத்தாக அடைத்தார்கள்.

அவர்கள் மனசாட்சி உறுத்தாமல் இருந்ததா? 1749-இல் போர்ட் டொபாக்கோவில் தியானத்தில் இருந்த ஜார்ஜ் ஹன்டர் என்ற பாதிரியார் தமக்காக எழுதிவைத்த குறிப்பு கிடைத்திருக்கிறது. கறுப்பின மக்களும் கிறிஸ்துவின் ரத்தத்தால் மீட்கப்பட்டவர்கள், அவர்களிடம் தந்தையைப் போல் அன்பாக நடக்க வேண்டும், முக்கியமாக அவர்களை வைத்திருக்கும் எஜமானர்களுக்கு இந்தக் கடமை உண்டு என்று எழுதியிருக்கிறார். அவர் உண்மையாகவே இதை எழுதினார் என்று நம்புகிறேன். அதனாலேயே அதைப் படிக்க வேதனையாக இருக்கிறது. எப்படி நடத்த வேண்டும் என்று கேட்ட மனிதர், ஏன் வைத்திருக்க வேண்டும் என்று அந்தக் குறிப்பில் கேட்கவில்லை.

1756-இல் இன்னொரு அடி. பிரெஞ்சுக்காரரோடு போர், செலவுக்குப் பணம் வேண்டும். கத்தோலிக்கரின் நிலத்துக்கு இரட்டை வரி போட்டார்கள். சலித்துப்போன சார்லஸ் கரோல் என்ற பெரும் பணக்காரர், எல்லோருமாக லூசியானாவுக்கே குடிபோய்விடலாம் என்று பிரான்சுக்கே போய் நிலம் கேட்டுப் பார்த்தார். காரியம் கைகூடவில்லை. லூசியானா என்ற அந்தப் பெயர் இதே மேட்டுக்கு எண்பது ஆண்டு கழித்துத் திரும்பி வரும், வேறு மாதிரி.

ஆளுநர்கள், சட்டங்கள், வரிகள் எல்லாவற்றையும் இந்த வீடு தாங்கியது. 1773-இல் வந்த உத்தரவு இங்கிலாந்திலிருந்து வரவில்லை. ரோமிலிருந்து வந்தது, போப்பாண்டவரே கையெழுத்திட்டிருந்தார். இயேசு சபை என்று உலகில் இனி ஒன்று இல்லை.

3. பெயர்ப் பட்டியல்

போர்ச்சுகல், பிரான்ஸ், ஸ்பெயின் மன்னர்கள் ஆண்டுக்கணக்காகக் கொடுத்த நெருக்குதலுக்கு இணங்கி, பதினான்காம் கிளமென்ட் சபையைக் கலைத்தார். ஐரோப்பாவில் அரசாங்கங்கள் இயேசு சபையின் கல்லூரிகளையும் நிலங்களையும் கைப்பற்றின. வீரமாமுனிவர் உழைத்த நம் மதுரை மிசியோனும் சபையின் கையை விட்டுப் போயிற்று. மேரிலாந்துக் குருக்களுக்கு லண்டனிலிருந்து ஆயரின் கடிதம் வந்தது. கீழ்ப்படிகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அன்று முதல் அவர்கள் சாதாரணக் குருக்கள்.

சொத்து? கைப்பற்ற யார் வந்தாலும் பதிவேட்டில் இயேசு சபை என்ற பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னார் வைத்திருக்கிறார், இன்னாருக்கு உயில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பால்டிமோர் பிரபுவிடமிருந்து தப்பக் காப்லி போட்ட திட்டம் 120 ஆண்டு கழித்துப் போப்பாண்டவரின் உத்தரவிலிருந்தும் பண்ணையைக் காப்பாற்றியது. அமெரிக்கா விடுதலை பெற்றபின், 1792-இல், குருக்களின் பெயரில் ஒரு கூட்டு நிறுவனத்தை மேரிலாந்துச் சட்டமே அங்கீகரித்தது. பண்ணைகள் அதற்குள் வந்தன.

இனி ஒளிய வேண்டிய அவசியமும் இல்லை. 1798-இல் சார்லஸ் சீவல் பாதிரியார் மாளிகையோடு சேர்த்து முறையான ஒரு கோவிலைக் கட்டத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயரான ஜான் கரோல் நேரில் வந்து அடிக்கல் வைத்தார். மாளிகை, சிற்றாலயம், கோவில் மூன்றும் ஒரே தொடராக நின்றன. ஒரு கோடியில் நுழைந்து மறு கோடியில் வெளியே வரலாம்.

சபை என்ற ஒன்று இல்லாமலே முப்பது ஆண்டு ஓடிவிட்டது. ஆனால் உலகில் ஓர் இடத்தில் அது சாகவில்லை. ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரின் போப்பாண்டவரின் உத்தரவைத் தம் நாட்டில் வெளியிட மறுத்துவிட்டார். பள்ளிகளை நடத்த அவருக்கு இந்தக் குருக்கள் வேண்டியிருந்தார்கள். கத்தோலிக்கரல்லாத ஒரு பேரரசியின் பிடிவாதத்தில் சபையின் உயிர் தங்கியிருந்தது. கரோல் ரஷ்யாவிலிருந்த தலைவருக்குக் கடிதம் எழுதினார். அனுமதி வந்தது. 1805 ஆகஸ்ட் 18 அன்று, இதே செயின்ட் தாமஸ் மேனரில், ராபர்ட் மாலினூவும் சீவலும் முதுமைக் காலத்தில் தங்கள் துறவற வார்த்தைப்பாட்டை மறுபடி கொடுத்தார்கள். உலகம் முழுவதும் சபை மீட்கப்பட்டது 1814-இல். இந்த மேட்டில் அதற்கு ஒன்பது ஆண்டு முன்னதாகவே அது எழுந்துவிட்டது. இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் எவ்வளவு இனிமையாக இருக்கும்! பலர் நிறுத்தியும் இருக்கிறார்கள்.

புகையிலை மண்ணைத் தின்றுவிடும் பயிர். நூறாண்டு விளைந்த நிலங்கள் சோர்ந்துவிட்டன. பண்ணைகளில் வருமானம் இல்லை, கடன் இருந்தது. ஜான் கரோல் 1789-இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் கல்லூரியும் கடனில் தத்தளித்தது. நகரங்களில் கத்தோலிக்கர் பெருகிக்கொண்டிருந்தார்கள். இனி பள்ளி கல்லூரிகளே நம் வேலை, பண்ணை வேண்டாம் என்றது சபையின் இளைய தலைமுறை. நிலத்தை அவர்கள் விற்க நினைக்கவில்லை. மனிதர்களை விற்க நினைத்தார்கள். விடுதலை செய்துவிடலாம் என்று சொன்ன குரல்களும் சபைக்குள் இருந்தன. அவை தோற்றன.

ரோமில் சபைத் தலைவராக இருந்தவர் யான் ரூத்தான், டச்சுக்காரர். மதுரைக்குப் பிரெஞ்சு இயேசு சபையினரை மறுபடி அனுப்பிவைத்தவரும் இவரே. அதே 1830-களின் இறுதியில்தான். மேரிலாந்து விற்பனைக்கு 1836-இல் நிபந்தனைகளோடு இசைவு கொடுத்தார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் அவர்கள் கத்தோலிக்கராக வாழ வழிசெய்ய வேண்டும். கிடைக்கும் பணத்தைக் கடன் தீர்க்கச் செலவிடக் கூடாது. எல்லாம் எழுத்தில் இருந்தன.

1838 ஜூன் 19. மேரிலாந்துச் சபையின் தலைவர் தாமஸ் முலெடி விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வாங்கியவர்கள் லூசியானாவின் முன்னாள் ஆளுநர் ஹென்றி ஜான்சனும் ஜெஸ்ஸி பேட்டி என்ற பண்ணையாரும். விலை 1,15,000 டாலர். செயின்ட் தாமஸ், நியூடவுன், செயின்ட் இனிகோஸ், ஒயிட் மார்ஷ் பண்ணைகளிலிருந்து 272 பேர். ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் குறித்த பட்டியல். அறுபது வயதைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். மார்பில் பால் குடிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்தக் குருக்களின் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள், அவர்கள் வைத்த பூசைக்கு மண்டியிட்டவர்கள், அவர்கள் முன்னிலையில் தாலிக்குச் சமமான மோதிரம் மாற்றி மணந்தவர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டையும் விற்பனைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

முன்பணமாக வந்த 25,000 டாலரில் 17,000 ஜார்ஜ்டவுனின் கட்டடக் கடனுக்குப் போயிற்று. ஒரு நிபந்தனை அங்கேயே போயிற்று. செயின்ட் இனிகோஸில் இருந்த ஜோசப் கார்பரி பாதிரியார் விற்பனை ஆட்கள் வருவது தெரிந்ததும் தம் பண்ணையில் இருந்தவர்களைக் காட்டுக்குள் ஓடச் சொன்னார். சிலர் ஓடித் தப்பினார்கள். நியூடவுனில் இருந்த பீட்டர் ஹாவர்மன்ஸ் தாம் பார்த்ததை ரோமுக்கு எழுதினார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அவரிடம் வந்து, நம்பிக்கை இழக்க உலகில் யாருக்காவது நியாயம் உண்டென்றால் எனக்கு இல்லையா என்று கேட்டிருக்கிறாள். தாமஸ் லில்லி என்ற குருவும் எழுதினார்: கப்பலுக்குப் பலவந்தமாக இழுத்துக்கொண்டு போனார்கள் என்று. தாய் தந்தையில்லாமல் போன பிள்ளைகள் உண்டு. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் போயிற்று.

நவம்பர் மாதம் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்திலிருந்து கேத்தரின் ஜாக்சன் என்ற கப்பல் கிளம்பியது. டிசம்பர் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் கரை சேர்ந்தது. அங்கிருந்து கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்கு.

ரோமில் விஷயம் முற்றியதும் ரூத்தான் முலெடியைப் பதவியிலிருந்து இறக்கி ஐரோப்பாவுக்கு அழைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பியும் விட்டார். ஜார்ஜ்டவுனில் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரும் வைத்தார்கள். மாணவர்கள் போராடி 2015-இல் அந்தப் பெயரை அகற்ற வைத்தார்கள். 2017-இல் அந்தக் கட்டடத்துக்கு ஐசக் ஹாக்கின்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். முலெடியின் பட்டியலில் முதல் பெயர் ஐசக்.

மிச்சமிருந்த நிபந்தனை, அவர்கள் கத்தோலிக்கராக வாழ வழிசெய்வது, என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1848-இல் வான் டி வெல்டே என்ற இயேசு சபைக் குரு லூசியானாவுக்குப் போய் அந்த மக்களைப் பார்த்தார். கும்பிடக் கோவில் இல்லை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்ல ஆள் இல்லை. ஒரு சிற்றாலயம் கட்டவாவது பணம் அனுப்புங்கள் என்று முலெடிக்கு எழுதினார். தடைச் சட்டம் இருந்த காலத்திலும் மேரிலாந்து மேட்டில் வீட்டுக்குள் ஒரு பீடம் இருந்தது. விற்கப்பட்டவர்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

பண்ணையில் வேலை நிற்கவில்லை. எல்லோரும் விற்கப்பட்டுவிடவில்லை, பட்டியலில் இருந்த எல்லோரும் கப்பலேறவும் இல்லை. கணவனையோ மனைவியையோ பறிகொடுத்தவர்கள், முதியவர்கள், வேறு எஜமானர்களிடம் இருந்த உறவினர்கள் அதே ஆற்றங்கரையில் தங்கிவிட்டார்கள். அவர்கள் போவதற்கு வேறு கோவில் இருக்கவில்லை. ஞாயிறுதோறும் மேடேறி வந்து, தங்கள் சொந்தங்களை விற்றவர்களின் கோவிலிலேயே மண்டியிட்டார்கள். இந்தச் செயலை என்னால் மன்னிப்பு என்றும் சொல்ல முடியவில்லை, அடிபணிதல் என்றும் சொல்ல முடியவில்லை. ஞானஸ்நானம் அவர்களுடையது; அதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1864 நவம்பர் 1 அன்று மேரிலாந்தின் புதிய அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. செயின்ட் தாமஸ் மேனரின் நிலத்தில் அன்று காலை எழுந்த எவரும் இனி எவருடைய உயிலிலும் இடம்பெற முடியாது.

இரண்டு ஆண்டு கழிந்தது. 1866. ஆளுநர்களின் கண்ணில் படாமல் ஒளிக்கச் சிற்றாலயத்தை மாளிகையோடு சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டினார்கள், பின்னால் கோவிலும் அதோடு சேர்ந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த ஆண்டு முடியும் நேரத்தில் அங்கே தீப்பிடித்தது. தீயைத் தடுக்க நடுவில் இடைவெளியே இல்லை. மாளிகையிலிருந்து சிற்றாலயம், சிற்றாலயத்திலிருந்து கோவில்.

சுவர்களுக்குள் இருந்த எதுவும் தப்பியதா? அடுத்த வாரம்.

(தொடரும்)